பயம் போக்கும் வகுப்பில் ஏழு நாள்

பிறத்தியார் பேச்சைத் தன் வாயால் சொல்லிப் பிழைக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: சொல்கிற வார்த்தை எதுவும் நம்முடையது இல்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடலாம். வக்கீல் குமாஸ்தாக்கள், தரகர்கள், மருந்துக் கம்பெனி ஏஜெண்டுகள் எல்லாருக்கும் இந்த நிம்மதி தெரியும். நீங்களும் நம் கூட்டத்தில் ஒருவராக இருந்தால், எனக்கு அது எப்படிப் போயிற்று என்று கேளுங்கள்.

ரங்கூனில் ஒரு கடையில் இங்கிலீஷ் கடிதம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். வியாபாரம் படுத்து, கடையை மூடி, காரைக்குடிப் பக்கம் என் ஊரான மானகிரிக்குத் திரும்பி வந்து ஆறு மாசம் சும்மா இருந்தேன். அந்த வருஷம் கப்பலில் திரும்பியவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். எந்த வீட்டுக்குள் போனாலும் யாராவது ஒருவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அந்தச் சமயம் பார்த்து பம்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு புரொபசர் காரைக்குடிக்கு வந்தார். ‘மனோதிட வகுப்பு. ஏழே நாளில் எந்தப் பயமும் நீங்கும்’ என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. மேடையில் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

வராத சொல்

புரொபசர் நல்ல சிவப்பு, மெலிந்த தேகம், மிருதுவான குரல். என்னை உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைச் சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னார். ‘ஒருவேளை இன்றோடு உங்கள் பயம் போய்விடலாம்’ என்று சொன்னேன். எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் என்று விரல்விட்டுக் கேட்டார். ‘ஒருவேளை’க்கு வந்ததும் அந்த விரலை மடக்கினார். ‘போய்விடலாம்’ என்பதைப் ‘போய்விட்டது’ என்று மாற்றச் சொன்னார். “நீங்கள் அப்படிச் சொல்லவில்லையே” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கெட்டிக்கார மாணவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “அந்தச் சொல் இங்கிலீஷில் இருந்தால் எனக்குப் பாதுகாப்பு. தமிழில் இருந்தால் வகுப்புக்குக் கேடு.”

நான் தலையாட்டினேன். ஆறு மாசம் சும்மா இருந்தவன் வேறு என்ன செய்வான்?

புத்தகத் தமிழ் எடுபடவில்லை

பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டின் கல்யாணக் கொட்டகையில் வகுப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாற்பது பேர் ஜமக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புரொபசர் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துவார், நான் சொல்வேன். ‘நீங்கள் அஞ்சுகிறீர்கள். அச்சமே உங்கள் பகைவன்’ என்றெல்லாம் நல்ல தமிழில் அரை மணி நேரம் சொன்னேன். ஜனங்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார்.

எனக்கு வேலை போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது. அடுத்த வாக்கியத்தை வீட்டில் பேசுகிறமாதிரி சொல்லிப் பார்த்தேன். “காலையில முழிச்ச ஒடனே நெஞ்சுல ஒண்ணு ஒக்காந்திருக்குல்ல? அத யாருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கீக.” விசிறிகள் நின்றன. புரொபசர் சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். நானும் தாழ்த்தினேன். முன்வரிசையில் சாத்தப்ப செட்டியார், மலாயாவில் தைப்பிங்கில் இருபது வருஷம் கடை வைத்திருந்து திரும்பியவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அத்தனை பெரிய மனுஷர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அவுக பேசினது எதுவும் என் காதுல விழுகல. நீங்க பேசினதுதான் விழுந்துச்சு.”

நாற்பது தலை

இரண்டாம் நாளிலிருந்து சின்னச் சின்ன உத்தரவுகள். கண்ணை மூடுங்கள், திறங்கள். வலது கையைத் தூக்குங்கள். எழுந்து நில்லுங்கள், உட்காருங்கள். இதெல்லாம் எதற்கு என்று நான் தனியாகக் கேட்டேன். சின்னக் காரியம் மூன்று நமக்காகச் செய்துவிட்டவன், நாலாவது பெரிய காரியத்தைத் தானே விரும்பிச் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்வான் என்று புரொபசர் விளக்கினார். மூட்டை தூக்குவதற்கு இடுப்பை எப்படி வளைப்பது என்று சொல்லிக்கொடுப்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் சர்க்கார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். நீரிழிவுக்காரர் ஒருவர் இரண்டு நாளாக மருந்து வாங்க வரவில்லை, கேட்டால் வகுப்புக்குப் போகிறேன் என்கிறார், மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். புரொபசர் சிரித்துக்கொண்டே இரண்டு வாக்கியம் சொன்னார். அதை நான் இப்படிச் சொன்னேன்: “எல்லாரும் இவுகளத் திரும்பிப் பாருங்க. பயம் எப்படிப் பேசுதுன்னு பாருங்க.” நாற்பது தலையும் ஒரே சமயத்தில் திரும்பின. அவர் கையால் மருந்து வாங்கிக் குடிக்காதவர் அந்தக் கொட்டகையில் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார். அத்தனை பேரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள்.

கம்பவுண்டர் குடையை எடுத்துக்கொண்டார். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போகவேண்டும். என் பக்கத்தில் ஒரு கணம் நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நான் கேட்டதுக்கு அவரு பதில் சொல்லல. சொல்லலங்கிறது உங்களுக்கும் தெரியும்.”

பயச் சீட்டு

அன்றைக்கே ஒரு துண்டுக் காகிதம் எல்லாருக்கும் கொடுத்து, தன் பயத்தை எழுதச் சொன்னோம். பேர் போடவேண்டாம், யாருக்கும் தெரியாது என்று நான்தான் அறிவித்தேன். வாங்கும்போது மட்டும் வரிசை கலையாமல் வாங்கி வரும்படி புரொபசர் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அவர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாக இங்கிலீஷில் வாசித்துச் சொன்னேன். எந்தச் சீட்டு எந்த இடத்தில் உட்காருகிறவருடையது என்று அவர் ஒன்று, இரண்டு என நம்பர் போட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். அந்த நாற்பது சீட்டை வாசித்தபிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. கடைவீதியில் நடந்தால் எதிரே வருகிறவர் முகம் தெரியாமல் சீட்டுத்தான் தெரிந்தது.

நாலாம் நாள் புரொபசர் வரிசைக்குள் நடந்து, ஒரு ஜவுளிக்கடைக்காரர் முன்னால் நின்று, அவர் கண்ணை உற்றுப் பார்த்தார். அந்தச் சீட்டு எனக்கு நினைவிருந்தது. ‘ரங்கூனிலிருந்து என் தம்பி திரும்பி வந்துவிடுவானோ என்று பயமாயிருக்கிறது’ என்று எழுதியிருந்தார். கூடப்பிறந்தவன் வந்தால் கடையில் பாதி கேட்பான். ரங்கூனிலிருந்து செய்தி வராத வீடுகள் நிறைய இருந்த காலம். தம்பி பெண்டாட்டி இவர் வீட்டில்தான் விளக்கேற்றிக் காத்துக்கொண்டிருந்தாள். புரொபசர், ‘உங்கள் ரத்தத்தில் ஒருவர் வீடு திரும்புவதை நினைத்துப் பயப்படுகிறீர்கள்’ என்றார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருமலாவது இருமியிருக்கலாம். சொல்லிவிட்டேன். மனசைப் படித்துவிட்டார் என்று ஜனங்கள் அதிசயப்பட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மட்டும் கடைக்காரரைப் பார்த்த பார்வையில் அதிசயம் இல்லை. அவர்களுக்கு அந்த வீடு தெரியும்.

மறுநாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. நான் கடை வழியாகப் போனபோது கல்லாவிலிருந்து இறங்கி வந்தார்.

“எஞ்சீட்ட வாசிச்சது நீங்கதான? இனிமே எங்க கடப் பக்கம் வராதீக.”

உசரம்

சொக்கலிங்க ஆசாரி ஆத்தங்குடிக்காரர், தச்சு வேலை. ஐம்பதை நெருங்கிய வயசு. இரண்டு வருஷத்துக்கு முன்பு நெற்குப்பையில் ஒரு மாடிவீடு கட்டும்போது சாரம் சரிந்து கீழே விழுந்தவர். இடுப்பு தேறிவிட்டது, மனசு தேறவில்லை. அதிலிருந்து தரையில் உட்கார்ந்து நிலை, ஜன்னல் இழைத்துக்கொடுப்பாரே தவிர, ஏணியில் இரண்டாவது படிக்குமேல் கால் வைக்க மாட்டார். அவர் சீட்டில் ‘உசரம்’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது.

ஏழாம் நாள் புரொபசர் அவரை மேடைக்கு அழைத்தார். கண்ணை மூடவைத்து, மூச்சை இழுக்கவைத்து, இங்கிலீஷில் இப்படிச் சொன்னார்: ‘ஒருவேளை, என்றாவது ஒரு நாள், உங்களுக்கு மறுபடி ஏறவேண்டுமென்று தோன்றலாம்.’ மற்ற எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது இது: “உங்களுக்குப் பயம் இல்ல. நாளைக் காலையில ஏறுவீக.” நாளைக் காலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. அந்தக் குரலில் ஏழு நாள் பேசியவனுக்கு ‘என்றாவது ஒரு நாள்’ என்பது வாயில் நுழையவில்லை, அவ்வளவுதான். ஆசாரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். புரொபசரைப் பார்த்து இல்லை.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். ஒரு கொத்தனார் சைக்கிளில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினார். “ஆசாரி மேல ஏறிட்டாரு. எறங்கத் தெரியல. உங்களத்தான் கூப்பிடுறாரு” என்றார். மானகிரிக்கு வெளியே ரோட்டோரம் புதுசாக ஒரு மாடிவீடு எழும்பிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். மேல்மாடியில் கூரை போடாத உத்தரத்தின்மேல் ஆசாரி குந்தியிருந்தார். இரண்டு கையாலும் ஒரு மரக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் அழுத்தியிருந்தார். ஏறும்போது விறுவிறுவென்று ஏறினாராம். உத்தரத்தில் நாலு எட்டு நடந்து, கீழே கிடந்த செங்கல் குவியலைப் பார்த்திருக்கிறார். அத்தோடு சரி. இரண்டு பேர் பிடித்து இறக்கப் போனார்கள். அவர் உதறிய உதறலில் சாரக்கழி ஒன்று கட்டு நெகிழ்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்குமேல் யாரும் கிட்டே போகத் துணியவில்லை.

முதலில் நான் உண்மையைத்தான் சொன்னேன். “ஆசாரியாரே, நான் நேத்துச் சொன்னது தப்பு. பயம் இருக்கத்தான் செய்யும். இருந்துட்டுப் போகட்டும், மெதுவா எறங்குங்க” என்றேன். அவர் உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது. கம்பத்தைப் பிடித்திருந்த விரல் ஒன்று நழுவியது. கீழே நின்ற ஒரு பொம்பளையாள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. குரலைத் தாழ்த்தினேன். “கண்ண மூடுங்க. மூச்ச இழுங்க. உங்களுக்குப் பயம் இல்ல. இப்ப வலது கைய எடுப்பீக.” வலது கை மரத்தை விட்டு வந்தது. “இடது காலப் பின்னால வைப்பீக.” கால் பின்னால் போயிற்று. ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு காலுக்கும் சொல்லிச் சொல்லி, அந்த மனுஷரை உத்தரத்திலிருந்து சாரத்துக்கும் சாரத்திலிருந்து ஏணிக்கும் கொண்டுவந்தேன். ஒரு படியை நான் சொல்ல மறந்தபோது கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. அப்போதும் என் குரல் நடுங்கவில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது அதுதான்.

தரைக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏறச் சொன்னீக, ஏறினேன். எறங்கச் சொன்னீக, எறங்கினேன். இனிமே எங்கிட்ட எதுவும் சொல்லிராதீக அய்யா.”

ரயிலடியில்

அன்று மத்தியானம் புரொபசருக்கு ரயில். அங்கிருந்து நேராக ரயிலடிக்குப் போனேன். அவர் பெட்டிமேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். “ஏறினார் அல்லவா?” என்றார். ஏறினார் என்றேன். “யார் இறக்கினது?” நான் என்றேன். எப்படி இறக்கினேன் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோலை மடித்துக் கீழே வைத்துவிட்டு, அடுத்து புதுக்கோட்டை, பிறகு பினாங்கு, கூட வருகிறீர்களா என்று கேட்டார். என்னைப்போல் ஆள் அவருக்கு எந்த ஊரிலும் கிடைத்ததில்லையாம்.

வரவில்லை என்றேன். அந்தச் சீட்டுகளைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். தகராறு செய்வார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்து, என்ன சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் உடனே பெட்டியைத் திறந்து சீட்டுகளை ஒரு கட்டாக எடுத்து என் கையில் வைத்தார்.

“தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இவை தேவையில்லை. எல்லா ஊரிலும் இதே சீட்டுகள்தான்.”

நாயும் மகளும்

சீட்டுகளை அன்றே அடுப்பில் போட்டேன். அத்தோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் கழித்து நானும் என் வீட்டுக்காரியும் ஐந்து வயசு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருணிப் பக்கம் போனோம். வழியில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. பிள்ளை என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேனென்றாள். எனக்கு அவசரம். “ஒனக்குப் பயம் இல்ல. நீ நடந்து போவ” என்றேன். சொன்னபிறகுதான் எந்தக் குரலில் சொன்னேன் என்று காதில் விழுந்தது.

அவள் வேட்டியை விட்டாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நேராக நாயைப் பார்த்து நடந்தாள். சுற்றிக்கொண்டு போகக்கூட இல்லை. நாய் எழுந்து பல்லைக் காட்டியது. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். பின்னால் வந்த என் வீட்டுக்காரி குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் சத்தம் போடவில்லை.

“பிள்ளைகிட்ட அப்படிப் பேசாதீக. அது பயந்துட்டுப் போகட்டும்.”

ஒரு தடவை மட்டும்

இப்போது கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக்கொடுக்கிறேன். எழுத்துக்குக் குரல் கிடையாது என்பதால் இந்த வேலை எனக்கு ஒத்துவருகிறது. ஆனால் வகுப்பு முடிந்து இரண்டு மாசம்வரை வீடு தேடி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாருக்கும் பயம் போகவில்லை. அதற்காக யாரும் புரொபசரைத் திட்டவும் இல்லை. தங்களுக்கு மனோதிடம் போதவில்லை என்று தங்களையே திட்டிக்கொண்டார்கள். முதல் நாள் அழுத சாத்தப்ப செட்டியார் மூன்று தடவை வந்தார். தைப்பிங்குக்குத் திரும்பிப்போய்க் கூட்டாளிகள் முகத்தில் விழிக்கவேண்டும். கப்பல் ஏறுவதற்குமுன் ‘உங்களுக்குப் பயம் இல்ல’ என்கிற அந்த வாக்கியத்தை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும் என்று கெஞ்சினார்.

அவருக்கு ஆசாரி கதையை முழுசும் சொன்னேன். சீட்டுக் கதையையும் சொன்னேன். இடத்துக்கு நம்பர் போட்டதைச் சொன்னேன். ஒன்று விடாமல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அண்ணே, அந்தப் பயம் உங்க காவலுக்கு நிக்கிது. அத வெரட்டாம கூட்டிட்டுப் போங்க” என்றும் சொன்னேன். எனக்கே அது நல்ல பேச்சாகப் பட்டது. செட்டியார் பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நீங்க சொல்லாட்டிப் பரவாயில்ல தம்பி. நம்ம வகுப்புல மூணாவது வரிசையில இருந்த வாத்தியாரு, நெற்குப்பையில இப்பத் தானே ஒரு வகுப்பு ஆரம்பிச்சிருக்காராம். அங்குட்டுப் போயிக் கேட்டுக்கிறேன்.”

ஏழு நாளும் ஒரு வகுப்பு விடாமல் இருந்து, போகும்போது இல்லாத பயத்தை வரும்போது கொண்டுவந்தவன் அந்த நாற்பத்தொரு பேரில் நான் ஒருவன்தான்.